கட்டை பிடிக்கிறவன்

கார் ஒடுக்கு எடுக்கிற டிங்கர் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததாக ஒப்புக்கொண்டது கிடையாது. கை பட்டுவிடும், அவ்வளவுதான். அப்பாவின் கை சின்னவன் முதுகில் பட்டுவிடும். அம்மாவின் கரண்டி பெரியவன் மண்டையில் பட்டுவிடும். கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டை விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல வழியில்லை. அது பட்டறையின் பின்சுவரில் ஆணியில் தொங்கும். போய் எடுத்து வரவேண்டும். எடுத்து வருவதற்குள் அடி வாங்கப்போகிறவன் ஓடிவிடலாம். ஓடாமல் நின்றால் அதை அவனுடைய சம்மதமாக அப்பா எடுத்துக்கொள்வார்.

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறைக்கு வருகிற வண்டி எதுவும் முழுசாக வந்ததில்லை. மூக்கு நசுங்கியது, விலா ஒடுங்கியது, பின்பக்கம் பிதுங்கியது என்று வரும். முழுசாக இருக்கிற வண்டிக்கு இங்கே என்ன வேலை என்பார் அப்பா. காலையில் டீ குடித்த கையோடு அடி ஆரம்பமாகும். தகரத்தில் விழுகிற அடி மாடிப்படியில் ஏறி, சமையலறைப் பாத்திரங்களை நடுக்கிவிட்டு, மேலே தகரக் கூரையில் முட்டித் திரும்பி வரும். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் இரண்டும் அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகியவை. சத்தம் நின்றால் அழுமாம்.

பெரியவன் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்தவன். சின்னவன் அதே படிப்பை அதே கல்லூரியில் முடிக்காதவன். நடந்தது இதுதான்: ஆய்வகத்தில் அவன் எழுதிய நிரலைப் பார்த்த ஆசிரியர், பாடப்புத்தகத்தில் இப்படி இல்லையே, அழி என்றார். சின்னவன், அப்படியென்றால் புத்தகத்தை அழியுங்கள் என்றான். ஆசிரியர் அவன் கன்னத்தில் ஒரு திருத்தம் செய்தார். சின்னவன் கீபோர்டைப் பிடுங்கி அவர் புருவத்தில் ஒரு திருத்தம் செய்தான். கல்லூரி இரண்டாவது திருத்தத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு அவனை வெளியே அனுப்பியது. பாதிப் படிப்பில் வந்ததால் தெருவில் அவனுக்குப் 'பாதி' என்று பெயர் விழுந்தது. பெயர் வைக்கத் தெருவுக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

பெரியவனுக்கு, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் வேலை. சேர்ந்த முதல் வாரமே அவன் முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தான். படித்ததெல்லாம் பரீட்சை எழுதியதோடு பேனாவிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. அன்றைக்கு அவன் வேலையைச் சின்னவன் செய்து கொடுத்தான், சாப்பிட்டுக்கொண்டே. மறுநாளும் செய்தான். அப்புறம் அதுவே ஏற்பாடாகிவிட்டது. பெரியவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீஸ் போவான். சின்னவன் மேலே, கூரையின் கொதிப்பில், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணன் பெயரில் நிரல் எழுதுவான். எந்த வண்டி எந்தத் தெருவழியே போனால் பார்சல் சீக்கிரம் போகும் என்று கணக்குப் போடுகிற பகுதி முழுக்க அவன் எழுதியது. கெட்டிக்கார இன்ஜினியர் என்று பெரியவனை ஆபீசில் மாலை போடாத குறையாகக் கொண்டாடினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டம் இயற்றியது அம்மா. "பட்டம் அவன்கிட்ட இருக்கு, மூளை உன்கிட்ட இருக்கு, அடுப்பு ஒண்ணுதான். எரியட்டும் விடு" என்றாள். அப்பாவுக்கு மட்டும் சொல்லக் கூடாது என்பது சட்டத்தின் முதல் பிரிவு. அவரோ, வண்டியைக் கொண்டுவருகிறவர்களிடம் எல்லாம், "பெரியவன் இன்ஜினியரு. சின்னது ஒண்ணு இருக்கு, மேல உக்காந்து நாள் பூரா கேம் ஆடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேம் ஆடியதற்காகச் சின்னவன் வாங்கிய ரப்பரடிகளில், அண்ணனின் பதவி உயர்வுக்குப் பிறகு கொஞ்சம் அழுத்தம் கூடியது. "அவனைப் பாத்தாவது புத்தி வருதா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்பார். சின்னவன் பதில் சொல்ல மாட்டான். சொல்லியிருந்தால் அடி இடம் மாறியிருக்கும்.

ஒரு விடுமுறை நாள். அனல் பறந்தது. விளக்குக் கம்பத்தில் மோதிய காரின் கதவு ஒன்றைக் கழற்றி முக்காலியில் நிறுத்திவிட்டு, "நான் பெயிண்ட் வாங்கிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து இந்த ஒடுக்க எடுத்து வைங்க" என்று அப்பா போய்விட்டார்.

ஒடுக்கு எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவன் கதவின் உட்புறத்து ஓட்டை வழியாகக் கையை விட்டு, தகரத்துக்குப் பின்னால் இரும்புக் கட்டையைப் பிடிக்க வேண்டும். மற்றவன் முன்னாலிருந்து அடிக்க வேண்டும். அடிக்கிறவன் கட்டையைப் பார்க்க முடியாது. கட்டை பிடிக்கிறவன் சுத்தியலைப் பார்க்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கிறவன் முதலில் அடிக்கப்போகிற இடத்தில் இரண்டு முறை மெதுவாகத் தட்டுவான். பிடிக்கிறவன் கட்டையை அங்கே நகர்த்துவான். பிறகுதான் அடி. தட்டாமல் அடிக்கக் கூடாது, கட்டை பிடித்திருக்கும்போது சண்டை போடக் கூடாது. பட்டறையில் அப்பா கற்றுக்கொடுத்த நாகரிகம் இந்த இரண்டும்தான்.

சின்னவன் கட்டை பிடித்தான். பெரியவன் சின்னச் சுத்தியலால் தட்டினான். டிக் டிக். டம்.

"அண்ணே, நாளைக்கு எனக்கு இன்டர்வியூ" என்றான் சின்னவன் கதவுக்குப் பின்னாலிருந்து.

டிக் டிக். "எங்க?" டம்.

"சின்னக் கம்பெனி. ஒரு மேடம் நடத்துறாங்க. ஆஸ்பத்திரிங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதறாங்க. சர்டிபிகேட்டே கேக்கல. முன்னாடி உக்காந்து எழுதிக் காட்டு, போதும்னாங்க."

டிக் டிக். டம். "அப்ப என் வேலை?"

"உன் வேலைய நீ பாரு."

"டேய், போன வாரம்தான்டா என்னை லீட் ஆக்கினாங்க. எனக்குக் கீழ ஆளுங்கள விட்டிருக்காங்க. எங்கிட்ட வந்து டவுட் கேக்கறானுங்கடா."

"தெரிஞ்சதச் சொல்லு."

"எனக்கு என்னடா தெரியும்?"

"அதையே சொல்லு."

டிக் டிக். டம். இந்த டம் கொஞ்சம் பலமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் இருடா. நான் கத்துக்கறேன்."

"இதத்தான் சேந்த வாரத்துல இருந்து சொல்ற. நாலு வரி எழுதச் சொன்னா அழற. நீ கத்துக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான். அவனும் உன் பேர்லதான் எழுதணும்."

"திமிருடா உனக்கு. வாத்தியார அடிச்சிட்டு நடுத்தெருவுல நின்னப்ப, உன் மூளைக்கு வேலை குடுத்தது நான். என் பட்டம் இல்லேன்னா நீ யாரு? பாதி."

"நான் பாதின்னா நீ என்ன? உறை. லெட்டர் இல்லாத உறை."

 கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் சின்னச் சுத்தியலை வைக்கிற சத்தம் கேட்டது. வேறு எதையோ எடுக்கிற சத்தம் கேட்டது. டிக் டிக் கேட்கவில்லை.

தகரம் உள்ளே மடிந்து, சின்னவனின் வலதுகை விரல்களை உள்சட்டத்தோடு வைத்து நசுக்கியது. சட்டம் இரும்பு, விரல் அப்படியல்ல. அவன் கத்தவில்லை. முதலில் கட்டை விழுந்த சத்தம்தான் வந்தது. பிறகு முக்காலியிலிருந்து சரிந்த கதவோடு சேர்ந்து அவனும் விழுந்தான். கையைப் பிடுங்கி எடுத்தபோது தோல் கொஞ்சம் கதவிலேயே தங்கிவிட்டது.

பெரியவன் பெரிய சுத்தியலை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "தவறிடுச்சுடா" என்றான். "சத்தியமா தவறிடுச்சு."

சின்னவன் எழுந்து, மிச்சமிருந்த இடதுகையால் அண்ணன் வாயில் குத்தினான். தவறவில்லை. பெரியவனின் முன்பல் ஒன்று உடைந்தது, ஆனால் போகிற பல் சும்மா போகவில்லை. முஷ்டியின் கணுக்களைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் ஒடுக்கில் அப்புகிற பட்டி மாவிலும் தகரச் சீவலிலும் புரண்டார்கள். பெரியவன் தம்பியின் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினான். சின்னவன் அண்ணனின் காதைக் கடித்தான். எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமான நேரம்தான் என்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அப்பா பெயிண்ட் டப்பாவோடு வந்தார். டப்பாவை ஓரமாக, மூடி திறந்துவிடாதபடி பத்திரமாக வைத்தார். போய் ரப்பரை எடுத்து வந்தார். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. அதெல்லாம் படித்தவர்கள் வழக்கம். இருவரையும் சரிசமமாக வெளுத்தார். கை ஓய்ந்த பிறகுதான் சின்னவனின் கையைப் பார்த்தார்.

"கட்டை பிடிச்சிட்டிருந்தியா?"

"ஆமா."

"அடிக்கறப்ப பேசினீங்களா?"

இரண்டு பேரும் பேசவில்லை.

"பேசியிருக்கீங்க" என்று சொல்லி, அதற்குத் தனியாக ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது எப்படி நடந்துச்சு?" என்றார். "கை பட்டுடுச்சு" என்றார் அப்பா. வலதுகைக்கு முழங்கைவரை மாவுக்கட்டு. இடதுகைக்குத் தையல், மேலே துணிக்கட்டு. சின்னவன் இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி, துப்பாக்கிக்குச் சரணடைந்தவன்போல வீடு வந்தான்.

சாயங்காலம் அம்மா சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டினாள். ஒவ்வொரு உருண்டையிலும் முட்டையைப் பிட்டு உள்ளே வைத்தாள்.

"போன் பண்ணி இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்லு."

"சொல்லிட்டேன்மா. நாளைக்கு மத்தியானத்தோட ஆளை முடிவு பண்றாங்களாம். கை எழுதலேன்னா பரவாயில்ல, வாய் சொல்லட்டும், பக்கத்துல யாராவது டைப் அடிக்கட்டும்னாங்க. ஆனா ஒண்ணு, அடிக்கற ஆளுக்கு இந்த வேலை தெரிஞ்சிருக்கக் கூடாதாம். அப்பத்தானே நான்தான் எழுதறேன்னு தெரியும்."

"அப்ப அவன் ஆகாது" என்று அம்மா ஜன்னலோரம் பார்த்தாள். அங்கே பெரியவன் வீங்கிய வாயில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எனக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது. உனக்குத்தான் தெரியுமே."

"இவன் உக்காந்தாலும் தப்பில்லம்மா" என்றான் சின்னவன். "இந்த வேலை தெரியாத ஆள்தான்."

பெரியவன் எழுந்தான். அம்மா கரண்டியை எடுத்தாள். பெரியவன் உட்கார்ந்தான்.

"வாய வெச்சுகிட்டு சும்மா இருக்க மாட்டியாடா?" என்று அம்மா இன்னொரு உருண்டையைத் திணித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இத பாரு. முன்னாடி என்ன வேலை பாத்தேன்னு அவங்க கேப்பாங்க. ஒண்ணும் பாக்கலன்னு சொல்லு. வீட்டுல கத்துகிட்டேன்னு சொல்லு."

"ஒண்ணும் பாக்காதவன யாரும்மா எடுப்பா? நான் எழுதினதெல்லாம் ஓடிட்டிருக்கு. தெருத்தெருவா ஓடுது. அதத்தான் சொல்லணும்."

"சொன்னா அவன் வேலை போகும். உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உசுரும் போகும்."

"சொல்லலேன்னா எனக்கு ரெண்டும் இல்லம்மா."

படியில் காலடி கேட்டது. இருவரும் சோற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள்போல் ஆனார்கள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டைப் அடிக்க ஆள் வேணும்னு போன்ல பேசிட்டிருந்தியே? நான் அடிக்கறேன்."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஏன், எனக்கு எழுத்து தெரியாதா? நம்பர் பிளேட் யாரு எழுதறது? அதுலயும், பாதிப் படிப்ப நம்பி வேலைக்குக் கூப்பிடற ஆளு யாருன்னு நானும் பாக்கணும்."

மறுநாள் மத்தியானம் வானம் இருட்டி, மழை கூரையில் ஜல்லி கொட்டினாற்போல இறங்கியது. அப்பா குளித்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் சின்னவன், இரண்டு கட்டுகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு. வாசற்படியில் அம்மா, கரண்டியோடு. பெரியவன் லீவு போட்டுவிட்டுக் கீழே பட்டறையில் இருந்தான். அப்பாவின் உத்தரவு, அந்தக் கதவை ஒற்றை ஆளாகச் சரிசெய்ய வேண்டும்.

திரையில் மேடம் வந்தார். கண்ணாடி, கட்டைமுடி. பின்னால் மருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"இவர்தான் டைப் பண்ணப்போறவரா?"

"எங்கப்பா, மேடம். கார் ஒடுக்கு எடுக்கறவர்."

"நல்லது. சார், கம்ப்யூட்டர் தெரியுமா?"

"இதுவா? இது ஏதோ ஆகாத மாடல் மாதிரி இருக்கும்மா, எல்லா எழுத்தையும் கலைச்சு வெச்சிருக்கான்" என்றார் அப்பா. மேடத்துக்குத் திருப்தியாக இருந்தது.

கேள்வி இதுதான். ஆஸ்பத்திரியில் வரிசை. வந்த வரிசைப்படி அனுப்ப வேண்டும். ஆனால் அவசரமாக வருகிறவரை முன்னால் விட வேண்டும். அவசரக்காரர்கள் வந்துகொண்டே இருந்தால் சாதாரணமாகக் காத்திருக்கிறவர் காத்தே செத்துப்போகவும் கூடாது.

"இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்றார் அப்பா. "வாசல்ல ஒரு தடியன நிறுத்தினா போச்சு."

"அந்தத் தடியனத்தான்ப்பா எழுதப்போறோம்" என்றான் சின்னவன். காத்திருக்கிறவரின் அவசரம் நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி வைத்தால் யாரும் சாக மாட்டார்கள் என்று மேடத்துக்கு விளக்கினான். பிறகு சொல்ல ஆரம்பித்தான்.

அப்பா அடிக்க ஆரம்பித்தார். அவருக்கு அடிப்பதில் ஒரே வகைதான் தெரியும். ஆள்காட்டி விரல் ஒன்றைத் தூக்கி, குறிபார்த்து, இறக்கினார். மேஜை குதித்தது.

"மெதுவாப்பா. அது தகரமில்ல."

"விழுந்துச்சா இல்லியா? பாரு."

"ஒண்ணு போதும், அஞ்சு விழுந்திருக்கு. அழிங்க. அழிக்கறது அந்த நீளமானது. ஐயோ, அது இல்ல. இப்ப வளைஞ்ச கோடு. அடைப்பு."

"எது?"

"வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும்."

"ரெண்டு வில்லு இருக்கே."

"இடது வில்லு."

"யாருக்கு இடது?"

மேடம் கையால் வாயை மூடிக்கொண்டார். இப்படியே வரி வரியாகப் போனது. அப்பாவுக்கு வியர்த்தது. ஒரு விசை பிய்ந்துகொண்டு பறந்து அம்மாவின் காலடியில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த எழுத்துக்கு உள்ளேயிருந்த குமிழை அழுத்தினார். பாதியில், எழுதி முடித்த வரி ஒன்றை அவர் முழங்கை துடைத்துவிட்டது. சின்னவனுக்கு இரண்டு கையிலும் வலி தெறித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்து, வாயிலிருந்து விழுந்துவிட்டது:

"அறிவிருக்கா உனக்கு?"

 அம்மா கரண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அப்பாவின் கை, பழக்கப்பட்ட கை, தானாக மேலே எழுந்தது. தோள்வரை போனது. சின்னவன் கண்ணை மூடி, அடி விழப்போகும் காதைத் தயார்செய்தான்.

கை அங்கேயே நின்றது. திரையில் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை இறங்கியது, ஒற்றை விரலாக, விசைகளுக்கு மேலே. "எந்த எழுத்துன்னு சொல்லு" என்றார் அப்பா.

சொன்னான். முடித்தார்கள். ஓடவிட்டபோது முதல்முறை படுத்துவிட்டது. வரிசையில் யாருமே இல்லாத நேரத்தைச் சின்னவன் மறந்திருந்தான். கண்டுபிடித்து, இரண்டு வரி சேர்க்கச் சொன்னான். ஓடியது. அவசரக்காரர் முன்னால் போனார், காத்திருந்தவரும் பிழைத்தார். "பொழைச்சிட்டான்" என்றார் அப்பா, தாமே தூக்கி வந்து சேர்த்ததுபோல.

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். "நீங்கதான் எழுதினீங்க. அதுல சந்தேகமே இல்ல. ஆனா இது சின்ன விஷயம். பெருசா, நிஜமா ஓடற எதையாவது எழுதியிருக்கீங்களா? யாருக்காவது வேலை பாத்திருக்கீங்களா?"

வாசலில் அம்மா தலையை இடதும் வலதுமாக ஆட்டினாள். கரண்டியும் சேர்ந்து ஆடியது.

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவின் கையைப் பார்த்தான். அது விசைமேல் ஓய்வாகக் கிடந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாருக்கும் அடி விழாது. நாளைக்கும் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு இதே கூரைக்குக் கீழே உட்காரலாம்.

"இருக்கு மேடம்" என்றான். பார்சல் நிறுவனத்தின் பெயரைச் சொன்னான். "வண்டிக்குப் பாதை போடற பகுதி. முழுக்க நான் எழுதினது."

"அங்க வேலை பாத்தீங்களா?"

"இல்ல. அண்ணன் பாக்கறான். நான் எழுதுவேன், அவன் பேர்ல போகும். ஆரம்பத்துல இருந்தே."

அப்பாவின் விரல் இருந்த இடத்திலேயே அழுந்தியது. திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓட ஆரம்பித்தது. காத்திருந்தவர்கள் மேலும் அவசரக்காரர்கள் மேலும் ஓடிப் பக்கத்தை நிரப்பியது. அவர் விரலை எடுக்கவில்லை.

"இன்ஜினியரு..." என்றார்.

பிறகு விரலை எடுத்தார். நாற்காலியை ஓசையில்லாமல் பின்னால் தள்ளினார். அம்மா வழியை மறித்தாள். "ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க." அவளைத் தோளைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டுப் படியிறங்கினார். பெயிண்ட் டப்பாவை வைத்த அதே பத்திரம்.

கீழே முதல் அடி விழுந்தது. தகரத்தில் விழுகிற அடிக்கும் ஆளில் விழுகிற அடிக்கும் அந்த வீட்டில் எல்லாருக்கும் வித்தியாசம் தெரியும்.

"அது என்ன சத்தம்?" என்றார் மேடம். "எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கு. அப்புறம் அடுத்தவரைப் பாக்கணும்."

சின்னவன் பாதி எழுந்து, பாதி உட்கார்ந்திருந்தான். அண்ணன் கத்தினான். அது வார்த்தை இல்லை.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்று சின்னவன் ஓடினான்.

காலி நாற்காலியில் அம்மா வந்து உட்கார்ந்தாள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"அவர் எங்க போயிட்டார்?"

"கீழ ஒரு கொலை நடக்குதும்மா. முடிஞ்சதும் வந்துடுவான்" என்றாள் அம்மா. பிறகு மரியாதைக்காக, "டீ சாப்பிட்டீங்களா?" என்றாள்.

கீழே பெரியவன் ஓடவில்லை. கதவின்மேல் சாய்ந்து, முகத்தைக் கைகளால் மறைத்து உட்கார்ந்திருந்தான். அப்பா ரப்பரைச் சுழற்றினார். அது விழுந்த இடமெல்லாம் சட்டை கிழிந்து ஒட்டியது. பெரியவன் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி, முந்தின நாள் பட்டி மாவைச் சிவப்பாக்கியது.

"ஊருக்கெல்லாம் சொன்னேனேடா! வர்ற வண்டிக்காரன், போற வண்டிக்காரன், எல்லார்கிட்டயும் சொன்னேனேடா!" அப்பாவின் குரல் உடைந்தது. கை உடையவில்லை. "இத்தனை நாளா தப்பான ஆள அடிச்சிருக்கேன். தப்பான ஆள அடிக்க வெச்சுட்டியேடா!"

சின்னவன் நடுவே புகுந்தான். அடுத்த அடி மாவுக்கட்டில் இறங்கியது. கட்டில் விரிசல் விட்டது. வலி தோள்வரை ஏறி, கண்ணில் வெள்ளையாக வெடித்தது.

"தள்ளுடா."

"போதும்ப்பா."

"உனக்கு விழுந்ததெல்லாம் இவனுக்கு விழ வேண்டியதுடா!"

"அதுக்காக இப்ப சரியான ஆளத் தேடி அடிக்கணும்னு இல்லப்பா!"

அப்பா ரப்பரை ஓங்கினபடி நின்றார். மகன்கள் இருவரும் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து கிடந்தார்கள். எங்கே அடித்தாலும் இரண்டு பேருக்கும் விழும். மூச்சு வாங்க, பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தார்.

முதலில் எழுந்தது பெரியவன். தம்பியை இழுத்து நிறுத்தினான். படிக்கட்டில் ரத்தச் சொட்டு விட்டுக்கொண்டே மேலே ஏறினான். சின்னவன் பின்னாலேயே போனான். அப்பாவும் போனார்.

மேடம் இன்னும் இருந்தார். பெரியவன் குனிந்து கேமராவுக்குள் முகத்தைக் காட்டினான். அவர் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"நான்தாங்க அந்த இன்ஜினியர். அவன் சொன்னது நிஜம்."

"இது ஏமாத்து வேலை, தெரியுமா? ரெண்டு பேர் பண்ணினதும். உங்க ஆபீஸ்ல இத மறைச்சு வெச்சுட்டு இவர என்னால எடுத்துக்க முடியாது."

"மறைக்கல" என்ற பெரியவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே மேலதிகாரியைக் கூப்பிட்டான். உடைந்த பல்லும் வீங்கிய உதடுமாகச் சொல்லி முடித்தான். அடிக்கடி வயிறு சரியில்லை என்று கழிவறையில் போய் உட்கார்ந்ததெல்லாம் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்கத்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.  "அப்ப எங்க அம்மாகிட்டச் சொல்லி உனக்காகக் கஷாயம் வெச்சுக் கொண்டு வந்தேனே?" என்று மேலதிகாரி அடிபட்ட குரலில் கேட்டார். "குடிச்சேன் சார்" என்றான் பெரியவன். "கொடுமையா இருந்துச்சு." நாளையிலிருந்து வரவேண்டாம் என்ற பதிலோடு போன் அணைந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கட்கிழமை வாங்க" என்றார் சின்னவனிடம். "கை ஆற வரைக்கும் சொல்லுங்க, நானே டைப் பண்றேன். உங்கப்பாவ மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

அம்மா உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். ஒரு பிள்ளைக்காகவா, இன்னொரு பிள்ளைக்காகவா என்பது அவளுக்கே தெளிவாக இல்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவன் மட்டும் நகரவில்லை. உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றான், திரைக்கா தம்பிக்கா என்று தெரியாதபடி. "நேத்து சுத்தி தவறல. தெரிஞ்சுதான் அடிச்சேன். அவன் கை இல்லேன்னா எங்கயும் போக மாட்டான்னு."

அப்பா திரும்பினார்.

"தெரியும்" என்றான் சின்னவன்.

"எப்படி?"

"சுத்தி மாத்தினது கேட்டுச்சு. கைய எடுத்திருக்கலாம். நீ அடிக்க மாட்டேன்னு நெனச்சேன்."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, "சரிம்மா, வெச்சிடறோம்" என்று லேப்டாப்பை மூடினாள்.

மழை விட்டிருந்தது. நாலு பேரும் அந்த அறையில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அப்பா தம் வலதுகையை மடியில் வைத்து, அது யாருடையது என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவன் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்திருந்தான். சின்னவன் அவனருகே போகவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. பட்டறையிலிருந்தோ மாடியிலிருந்தோ ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போனது.

எதிர்ச்சாரி டீக்கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டு, தண்ணீரில் மிதித்துத் தெருவைக் கடந்து வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்தார்.

"அக்கா! என்னக்கா, சத்தத்தையே காணோம்? யாராவது செத்துட்டாங்களா?"

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இல்லப்பா. சின்னவனுக்கு வேலை கெடச்சிருக்கு."